வரி முறியும் இடம்

ஸீரிக்சேயில் இரவு பதினொன்றேகால்.
நான்காம் பக்கம் மட்டும் பாக்கி.
பத்தியின் அகலம் நாலரை சென்டிமீட்டர்.
டச்சுச் சொற்களோ சரக்கு ரயில்கள்,
பெட்டியோடு பெட்டி கொக்கி மாட்டி
இடைவெளி விடாமல் வருபவை.
எங்கேயாவது அறுத்தாக வேண்டும்.

அறுப்பது இயந்திரம்.
அறுத்த இடம் சரியா என்று பார்ப்பது நான்,
யாகோமினா,
பதினாறு வருஷமாக
உதட்டை அசைத்து அசைத்து.
இந்த வேலையில் கண்ணை நம்பினால் கெட்டேன்.
முன்சொல்லில் குரல் ஏறும்,
பின்சொல் அதன் தோளுக்குக் கீழே நடந்து வரும்.
ஏற்றமும் இறக்கமும் பிடிபட்டால்
தையல் எங்கே என்று நாக்கு சொல்லிவிடும்.
அடம்பிடிக்கும் சொற்களும் உண்டு.
எங்கள் நகர மன்றம், ஸ்டட்ஹாய்ஸ்,
அழுத்தத்தைப் பின்வாசலில் வைத்திருக்கிறது.
ஏனென்று அங்கே வரி கட்டப் போனவர்களைக் கேளுங்கள்.

ஒருமுறை மசாஜ் கட்டிலுக்கு விளம்பரம்.
'மசாஷ' முடிந்து 'பெட்' வர வேண்டியது.
வரி முடிந்ததோ 'மசா'வில்,
மறுவரியில் 'கெபெட்'.
அப்படிப் படித்தால் அது கூட்டுப் பிரார்த்தனை.
கட்டில் வியாபாரி டிங்கமன்ஸ்,
சனிக்கிழமை இருவர் பாட்டுப் புத்தகத்தோடு வந்ததாகச் சொன்னார்.
பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

சிரித்தோம்.

பிறகு பிப்ரவரி, வெள்ள நினைவு நாளின் பக்கம்.
'டைக்' என்றால் கடலைத் தடுக்கும் கரை.
'ரம்ப்' என்றால் பேரழிவு.
டைக்ரம்ப்.
எனக்குக் காய்ச்சல், அச்சகத்துக்கு அவசரம்.
'க்' என்ற ஒற்று ஒன்று
வரி தாண்டி அடுத்த வீட்டுக்குள் போய்விட்டது.
டை: தொடை.
க்ரம்ப்: தசை இழுப்பு.
இறந்தவர்களின் பெயர் வரிசைக்கு மேலே
தடித்த எழுத்தில்
தொடைப்பிடிப்பு.

காலையில் பதினொரு அழைப்புகள்.
பாதிரியார் ஒருவர் வெகுநேரம் மூச்சு மட்டும் விட்டார்.
பன்னிரண்டாவது ஆள் கிரைன் ஃபிளிக்வேர்ட்,
எண்பதைத் தொடும் குரல்.
"மன்னிப்பெல்லாம் வேண்டாம், கேள்.
நான் கூரைமேல். ஏழு வயது.
மரீனுஸ் அண்ணன் தண்ணீரில், கை தகரக் குழாயில்.
தண்ணீரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கால் இழுக்குது, கால் இழுக்குது என்றான்.
பிறகு கை விட்டது.
எல்லா வருஷமும் கரை, காற்று, எத்தனை மீட்டர் என்று எழுதினீர்கள்.
இந்த வருஷம்தான் அவன் செத்ததை எழுதியிருக்கிறீர்கள்.
திருத்தம் போடாதே."

போட்டேன். விதி.
ஆறாம் பக்கம், கீழே, இரண்டு வரி.
சொல் முறியாமல் இருக்க
எழுத்தைச் சுருக்கினேன்.

மார்ச்சில் நீர்வாரியத்தின் கூட்டக் குறிப்பு ஒன்று
மறுபிரசுரத்துக்கு வந்தது,
வெள்ளத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தது.
மூன்றாம் தலைப்பு: வெள்ளங்கள்,
பக்கத்தில் 'ஃபோர்கோமன்'.
முன்னால் அழுத்தினால், நேர்வது.
நடுவில் அழுத்தினால், நேராமல் தடுப்பது.
தட்டச்சில் குறி எதுவும் இல்லை.
குறி இடுவது என் வேலை,
எழுத்தின் உச்சியில் ஒரு சின்னக் கீறல்.
இரட்டை 'ஓ'வின் மேலா, ஒற்றை 'ஓ'வின் மேலா?
இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன்,
காப்பி ஆறும் வரை.

வருகைப் பட்டியலில் ஒரு ஃபிளிக்வேர்ட் இருந்தார்.
கிரைனை அழைத்தேன்.
அப்பாதான், என்றார்.
தன்னையும் கூட்டிப் போயிருந்தாராம்,
அந்த அறையில் அடுப்பு உண்டு என்பதற்காக.
தலைவர் எப்படிப் படித்தார்,
குரல் எங்கே ஏறியது?

வெகுநேரம் கழித்து,
"எங்கும் ஏறவில்லை.
தாளைப் பார்த்து அப்படியே படித்தார்.
நான்காவது, எலி பிடிப்பவனின் கூலி.
அதற்குத்தான் எல்லோரும் சத்தம் போட்டார்கள்."